உயிரோடிருந்த பெரியவருக்குக் கோடி வேட்டி

ஒரு மனிதரை நான் தபாலில் கொன்றிருக்கிறேன். கேஸ் ஆகவில்லை. செத்தவரே என்னை மன்னித்துவிட்டார். மன்னித்ததோடு விடாமல், அவர் சாவுக்கென்று எங்கள் வீட்டார் வாங்கிக்கொண்டு போன கோடி வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு பல வருஷம் எங்கள் கண்முன்னாலேயே நடமாடினார். அந்த வேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அடி என் தலையில் விழ வேண்டியது. (அவளுக்கும் அது தெரியும். நான் எட்டாத தூரத்தில் நின்றுகொள்வேன்.)

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த கதை இது. எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போனால் என் பக்கத்து ஸீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். படித்தவன் என்று மரியாதை கொடுக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தோல் வாடை என்பதை அம்மாதான் ஒரு நாள் என் சட்டையைக் கம்பால் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.

எனக்கு ஒரு அக்கா, செல்லம்மா. பத்தொன்பது வயதில் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூத்தோட்டத்து வீட்டில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளையை ஊரே துரை என்று கூப்பிடும். தங்கமான மனிதர். இரண்டே வருஷம். காய்ச்சல் என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், பதினோராம் நாள் போய்விட்டார். அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா அவளை மூலையில் உட்கார விடவில்லை. தையல் படிக்க வைத்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தையல் டீச்சர் ஆனாள்.

அதே பள்ளிக்கூடத்துக்கு அகரத்திலிருந்து சண்முகம் என்று ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்தார். வந்த ஒரு வருஷத்தில் நேராக அப்பாவிடமே வந்து, "உங்க மகளக் கட்டிக்கிறேன், சம்மதமா?" என்று கேட்டார். அப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்காததால், அவளுக்குச் சம்மதம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தடையாக நின்றவர் ஒருவர்தான். துரை மச்சானின் தாத்தா. நிலக்கோட்டைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். மச்சானின் தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் பேரனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அப்பா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லப் போனபோது, "நான் உசுரோட இருக்கிற மட்டும் அது நடக்காது. அவ என் பேரன் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடத் தராமல் அனுப்பிவிட்டார். அவருடைய கோபத்தைவிட, அவர் மனசு நோகுமே என்றுதான் அக்கா பயந்தாள். அந்த வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் தினம் சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஒரு கை மல்லிகையை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுத்த மனிதர் அவர்.

கடைசியில் வாத்தியார்தான் ஒரு வழி சொன்னார். ரிஜிஸ்தர் கல்யாணம். எல்லாம் சட்டப்படி. யாரும் நாளைக்கு ஒரு சொல் சொல்ல முடியாது. முப்பது நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதோடு அக்காவின் முதல் புருஷன் இறந்ததற்கு மரணப் பதிவின் நகல் வைக்க வேண்டும். ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடி பிறந்ததுமே நகல் கையில் இருக்க வேண்டும். பெரியவர் காதுக்கு எட்டுவதற்குள் நோட்டீஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கவலை.

"திண்டுக்கல்லுலதான போய்ச் சேந்தாரு. அங்கதான் எழுதியிருப்பாக. நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. அல்லவா?

மறுநாள் மண்டியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஜனன மரண ரிஜிஸ்தர் இருந்த ஆபீஸுக்குப் போனேன். காதில் பேனா செருகிய வயதான குமாஸ்தா ஒருவர் இருந்தார்.

"என்ன தம்பி வேணும்?"

"எங்க மச்சானோட மரண நகல்."

"பேரு?"

"துரை."

"என்னைக்கு இறந்தாரு?"

வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து எனக்குப் பாடம் பண்ணி அனுப்பியதை ஒப்பித்தேன். "ஆடி அமாவாசைக்கு முந்துன செவ்வாக்கெழமை. எங்க கெணறு வத்துன வருசம்."

குமாஸ்தா பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "ஒங்க கெணறு வத்துன வருசம் எங்க ரிஜிஸ்தர்ல இல்லையே தம்பி. இங்கிலீஷ் தேதி வேணும். வருசமாவது வேணும். அப்பறம் தகப்பன் பேரு, ஊரு, ஒனக்கு என்ன ஒறவுன்னு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி மனுக் குடு. தேடித் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எங்கள் செவலைப் பசு முதல் ஈற்று ஈன்ற வருஷத்தை வைத்து அப்பா கணக்குப் போட்டு, பழைய பஞ்சாங்கத்தை எடுத்துத் தேதியைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்து அழகான கையெழுத்தில் மனு எழுதினேன். பத்திரமாக மஞ்சள் பையில் வைத்தேன். பையைப் பத்திரமாகப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பஸ் பழனிக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செவலைப் பசுவிலிருந்து ஆரம்பித்தோம். காகிதம் விஷயத்தில் என் கையையே நம்பக்கூடாது என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இந்த முடிவுதான் மூல காரணம்.

இரண்டாவது மனுவைக் குமாஸ்தா வாங்கிக்கொண்டு தடித்த ரிஜிஸ்தர் ஒன்றை இறக்கினார். விரலை நனைத்து நனைத்துப் புரட்டினார். அந்த ஆடி மாதத்தில் திண்டுக்கல்லில் செத்தவர்கள் எல்லோரையும் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினார்.

"துரைன்னு ஒருத்தரும் இந்த மாசம் சாகலையே தம்பி."

"நல்லாப் பாருங்க சார். செத்தது நெசம். நாங்க எல்லாரும் போயிருந்தோம்."

"இரு, இரு. நிலக்கோட்டைப் பக்கத்து ஆளு ஒருத்தரு இருக்காரு. வயசு இருபத்தஞ்சு. தகப்பன் முத்தையா. டைபாய்டு. ஆனா பேரு பெரியகருப்பன்."

"பெரியகருப்பன் அவரோட தாத்தா சார். அவரு கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "தாத்தா பேரத்தான பேரனுக்கு வச்சிருப்பாக. பெத்தவ மாமனாரு பேரச் சொல்லிப் பிள்ளைய அதட்ட முடியுமா? அதான் வீட்டுல துரைன்னு கூப்பிட்டிருக்காக. இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்கு இப்படித்தான் ரெண்டு பேரு."

அவர் சொன்னது சரி. பத்திரிகை அடிக்காமல் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கல்யாணம் அது. துரை என்பதைத் தாண்டி மச்சானுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் புருஷன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

"தகவல் சொன்னவரு பேரும் பெரியகருப்பன்தான். பாட்டன்னு போட்டிருக்கு. கைநாட்டு" என்றார் குமாஸ்தா.

நான் சிரித்துவிட்டேன். "பெரியகருப்பன் செத்துட்டாருன்னு பெரியகருப்பனே வந்து சொன்னாரா சார்?"

குமாஸ்தா சிரிக்கவில்லை. "தூக்கி வளத்த பேரன் சாவ வந்து எழுதிக் குடுத்திருக்காரு தம்பி. சிரிக்காத" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, நகல் கைக்கு வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா. நான் அதை மண்டி முழுக்கக் காட்டினேன். எங்கள் முதலாளி ராவுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பு, ரொம்ப நல்ல காரியம். இதக் கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. இன்னைக்கு லீவு எடுத்துக்க" என்றார்.

நான் கேட்டேனா? எடுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸில் விட்டால்? என்னை எனக்குத் தெரியாதா? அரசாங்கத் தபால் இருக்கும்போது என் கை எதற்கு? ஒரு கவரில் நகலைப் போட்டு, அப்பா பெயரை எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். அப்போதுதான் மண்டியில் தந்தி எழுதப் பழகியிருந்தேன். சுருக்கமாக எழுதுவதுதான் படித்தவனுக்கு அழகு என்று ஒரு திமிர். நகல் வந்துவிட்டது, அக்காவும் வாத்தியாரும் உடனே நோட்டீஸ் கொடுக்க வர வேண்டும் என்று வீட்டுக் கடிதம்போல எழுதாமல், ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதினேன்: 'உடனே புறப்பட்டு வரவும். தாமதம் கூடாது.'

மரணப் பதிவையும் இந்தச் சீட்டையும் ஒன்றாக ஒரே கவரில் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டுப் பெட்டியை ஒரு தட்டு வேறு தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்று படிப்பார்கள். யார் என்று தெரிந்ததும் அங்கேயே சுக்குச் சுக்காகக் கிழித்துத் தெருவில் போட்டுவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்படுவார்கள். மேற்கொண்டு ஒரு வரி படிப்பதுகூட அபசகுனம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் தபால்காரர் கவரைக் கொடுத்தார். அம்மா பிற்பாடு நூறு தடவை நடித்துக் காட்டியதால் அது எனக்கு நேரில் பார்த்த மாதிரி. அப்பா வாசலில் நின்று பிரித்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "ம-ர-ண-ம்" என்று ஆரம்பித்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "பெ-ய-ர்... பெரிய... கருப்பன்." அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அதற்குள் துண்டுச் சீட்டு கீழே விழுந்தது. அதையும் எடுத்துப் படித்தார். உடனே புறப்பட்டு வரவும். தாமதம் கூடாது.

"நிலக்கோட்டைப் பெரியவரு போயிட்டாரு" என்றார் அப்பா. மூன்று வாரம் நான் அலைந்து வாங்கிய நகல், முத்திரை, கையெழுத்து, எல்லாம் பதினாறு துண்டாகத் தெருவில் பறந்தது. அப்பா ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு ஆள் போய் அக்காவைக் கூட்டி வந்தது. அவள் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்குக் காகிதம் இல்லை, அழுவதற்கு ஒரு சாவுதான் இருந்தது.

மண்டி வாசலில் அவர்கள் வந்து நின்றபோது மணி இரண்டு இருக்கும். ஈரத் தலையோடு அப்பா, அம்மா, வீங்கிய கண்ணோடு அக்கா, சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர். ஒருவர் கையில் ரோஜா மாலை. அம்மா இடுப்பில் பேப்பரில் சுற்றிய கோடி வேட்டி.

"பெரியவரு போயிட்டாருடா" என்றார் அப்பா.

யோசித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை அனுப்பியவன் நான். அந்த நிமிஷத்தில் அதை நம்பியவனும் நான். எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. முதலாளி அரபியில் ஏதோ சொல்லி வானத்தைப் பார்த்தார். "போ அப்பு, போய் எல்லாம் முடிச்சிட்டு வா" என்று ஒரு பாட்டில் பன்னீரை என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நானே. பெரியவரை நான் வாழ்க்கையில் நான்கு தடவைதான் பார்த்திருப்பேன். ஆனால் ரிஜிஸ்தரைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தக் குற்ற உணர்ச்சி. குமாஸ்தாவின் முகம் ஞாபகத்துக்கு வர வர எனக்கு விக்கி விக்கி வந்தது. முன் ஸீட்டு அம்மாள் திரும்பித் தண்ணீர் கொடுத்தாள். கண்டக்டர் இரக்கப்பட்டு, ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் அவர்கள் தெருமுனையிலேயே பஸ்ஸை நிறுத்தினார். (பிற்காலத்தில் அதே கண்டக்டர் என்னை எப்போது பார்த்தாலும், "பெரியவரு சௌக்கியமா தம்பி?" என்று கேட்பார். கேட்கும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.)

தெருமுனையிலேயே அம்மா கூந்தலை அவிழ்த்துப் போட்டு ஆரம்பித்துவிட்டாள். "என்னப் பெத்த மாமா..." பின்னால் மற்ற பெண்கள். தெருவில் ஒரு சங்கு சத்தம் இல்லை, பந்தல் இல்லை, வாசலில் ஆட்கள் இல்லை. எனக்கு அப்போதுதான் என்னவோ உறுத்தியது.

"அப்பா, யாரு தகவல் சொன்னா?"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏலே, நீதான கடுதாசி போட்ட?"

"நானா?"

"பேரு போட்டு, உடனே பொறப்பட்டு வாங்கன்னு எழுதியிருந்தியே?"

நான் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அப்பா... அந்தக் காகிதம் எங்க?"

"சாவுக் கடுதாசிய வீட்டுலயா வைப்பாக? கிழிச்சுப் போட்டேன்."

நான் அம்மாவை நிறுத்த ஓடினேன். அழுதுகொண்டு போகும் பெண்களை எவராலும் நிறுத்த முடியாது. அவர்கள் வேகம் தனி வேகம். நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

முற்றத்தில் பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்து, "வெஞ்சனத்துக்கு இன்னும் ரெண்டு வத்தல் கொண்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தலைவிரி கோலமாக நுழைந்த சம்பந்தி வீட்டைப் பார்த்துக் கையில் கூழோடு எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப் போனது. தன் வீட்டு ஆள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவரும் அழ ஆரம்பித்தார்.

"யாருத்தா... யாரு போனது? ஐயோ, யாருன்னு சொல்லுங்கத்தா."

அம்மா அழுகையின் வேகத்திலேயே சொல்லிவிட்டாள். "நீங்கதான் மாமா!"

அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்று, வாய் மட்டும் திறந்திருந்தது. மாலை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பின்னால் நின்ற ஆடு அதைத் தின்ன ஆரம்பித்தது.

பெரியவர் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். "யாருடா என்னையச் சாகடிச்சது?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் எனக்குப் பொய் வராது. உண்மைதான் கொட்டும். மச்சானின் மரண நகல், ரிஜிஸ்தர், முப்பது நாள் நோட்டீஸ், அகரத்து வாத்தியார், ஆவணி மாதம் என்று ஒரே மூச்சில் அத்தனையையும் கொட்டிவிட்டேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் வீடு கட்டிக் காத்த ரகசியத்தை அவர் வீட்டு முற்றத்தில் நின்று, தெருச் சனம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, இவ வாழ்க்கைய நானே முடிச்சிட்டேன் என்று நினைத்தேன். செத்துப்போய்விடலாம் போல இருந்தது. அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

பெரியவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, நான் உசுரோட இருக்கிற மட்டும் நடக்காதுன்னு ஒங்கப்பங்கிட்டச் சொல்லியிருந்தேன். தெரியுமா?"

"தெரியும் தாத்தா."

"அப்ப நான் செத்துட்டேன்னதும் ஒனக்கு வழி விட்டுச்சில்ல? எதுக்கு இம்புட்டு அழுதிருக்க? கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் போயிட்டா, அவுகளப் பத்திப் பேச எனக்கு வேற யாரு தாத்தா இருக்கா?"

பெரியவர் உட்கார்ந்தார். கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு அவரும் அழுதார். இந்தத் தடவை யார் செத்தார்கள் என்று கேட்காமல் அழுதார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் யாரும் அசையவில்லை. அம்மா மட்டும் மெல்ல இடுப்புப் பொட்டலத்தை முந்தானையால் மூடினாள்.

"அது என்ன பொட்டலம்?" என்றார் பெரியவர். அழும்போதும் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஒண்ணுமில்ல மாமா."

"கொண்டா இங்க."

வாங்கிப் பிரித்தார். வேட்டியை விரல்களால் நீவிப் பார்த்தார். "எட்டு மொழம். நல்ல கரை. செத்தப்பறம் போட்டா எனக்கு என்ன தெரியப் போகுது? இருக்கட்டும். செல்லம்மா கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்."

அவர் சொன்னது எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் புரிந்துகொண்டவள் அக்காதான். அவர் காலில் விழுந்தாள். "எந்திரி, எந்திரி. வந்தவுகளுக்குக் கூழ் ஊத்து. எனக்காக அழுது தொண்ட வறண்டு போயிருப்பாக" என்றார்.

மறுநாள் மண்டிக்குப் போனேன். முதலாளி துக்கமான குரலில், "எப்ப எடுத்தாங்க அப்பு?" என்று கேட்டார்.

"எடுக்கலை முதலாளி. கூழ் குடிச்சுக்கிட்டு இருக்காரு."

விஷயம் முழுவதையும் கேட்டபின் அவர் தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பன்னீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். "வச்சுக்க, கல்யாணத்துக்குத் தெளி" என்றார்.

நகலுக்கு மறுபடியும் மனுக் கொடுக்க வேண்டுமே! இந்தத் தடவை பெரியவர் தானே வருவேன் என்றார். "இவன நம்பினா அடுத்து யாரச் சாகடிப்பானோ" என்று காரணமும் சொன்னார். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

"போன வாரந்தான வாங்குன?"

"எங்கப்பா கிழிச்சிட்டாரு சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜில்லாவைத் தெரிந்தவர். பெரியவரைப் பார்த்து, "பேரு?" என்றார்.

"பெரியகருப்பன்."

"எறந்தவரு பேரு?"

"பெரியகருப்பன்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து தன் நாற்காலியைப் பெரியவருக்குப் போட்டார். ரிஜிஸ்தரைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வைத்த கைநாட்டு. அதன்மேல் கட்டைவிரலை மெதுவாக வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு மை வைக்க முடியாம கை நடுங்குச்சு. ஒரு அய்யா பிடிச்சு வச்சாரு" என்றார்.

"நாந்தான் ஐயா பிடிச்சேன்" என்றார் குமாஸ்தா.

எனக்கு அந்த இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். பெரியவர் மூக்கைச் சிந்திவிட்டு, "நகல் ரெண்டாக் குடுங்க. ஒண்ணு கல்யாணத்துக்கு. இன்னொண்ணு இந்தப் பய தொலைக்கிறதுக்கு" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிகள் மூன்று பேர் வேண்டும் என்றார்கள். முதல் சாட்சியாகக் கோடி வேட்டி சலசலக்க நிலக்கோட்டைப் பெரியவர் முன்னால் போனார். மடியில் மல்லிகை. அதிகாரி ஒரு கையில் இருந்த மரண நகலையும் முன்னால் நின்ற சாட்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் செத்தவன் இல்லைங்க, அவனோட தாத்தா" என்று பெரியவர் அவசரமாகச் சொல்லிவிட்டு மையில் கட்டைவிரலை அழுத்தினார். இந்தத் தடவை யாரும் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு மடியை அவிழ்த்து மல்லிகையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் பூ வைத்தாள். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். வாத்தியார் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் பன்னீர் தெளித்தேன். அதிகாரியின் கண்ணாடியில் பட்டது.

அதன் பிறகு பெரியவர் எங்களுக்கு ஆள் வைத்து எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும். 'இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கிழிக்க வேண்டாம்.' மல்லிகை விலை, மழை, அக்காவின் பிள்ளைகளுக்கு அனுப்பும் கொய்யா எல்லாம் அதற்கு அப்புறம்தான். பதில் எழுதும்போது நாங்களும் அப்படியே ஆரம்பிப்போம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் நிலக்கோட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பா வாசலில் நின்று எழுத்துக் கூட்டினார். முதல் வரியில் வழக்கமான அந்த வாக்கியம் இல்லை. அவர் அதற்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனார். அன்று நாங்கள் எல்லோரும் அதே பஸ்ஸில், அதே தெருமுனையில் இறங்கினோம். அக்கா முற்றத்து வாசலில் செத்த நேரம் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். பதினாறாம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். அவருடைய மரண நகலை நான்தான் வாங்கினேன். இரண்டு பிரதி. கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அக்காவுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. போன வாரம் அவள் மகளிடமிருந்து ஒரு கவர் வந்தது. பிரித்தால் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அக்கா பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் பெயர் பெரியகருப்பன் என்று அச்சடித்திருந்தது. வாத்தியார் தன் முதல் பேரனுக்குத் தானே விரும்பி வைத்த பெயர். வீட்டில் அவனைத் துரை என்றுதான் கூப்பிடுகிறோம். பத்திரிகையோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது.

'மாமா, இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கிழிக்க வேண்டாம். உடனே புறப்பட்டு வரவும்.'